எச். ஜூலியன் ஆலன்

எச். ஜூலியன் ஆலன் (ஏப்ரல் 1, 1910 - ஜனவரி 29, 1977) ஓர் அமெரிக்க வானூர்திப் பொறியியலாளர் ஆவார். விண்வெளியிலிருந்து புவியின் வளிமண்டலத்துக்குள் மிகுந்த வேகத்தில் நுழையும் கலம் எரிந்துபோகாமல் தப்ப வேண்டுமானால் அதன் முகப்பு கூர்மையாக இல்லாமல் மழுங்கியிருக்க வேண்டும் என்னும் கோட்பாட்டை 1950களின் தொடக்கத்தில் இவர் உருவாக்கினார். மெர்க்குரி, ஜெமினி, அப்பல்லோ ஆகிய விண்கலங்களின் வடிவம் இக்கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டது. கலிபோர்னியாவிலுள்ள ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1940 முதல் பணியாற்றிய இவர், 1965 முதல் 1968 வரை அதன் இயக்குனராக இருந்தார். வெப்பக் கவசங்களுக்கான பொருட்களைத் தரையிலேயே சோதித்தறியும் முறைகள் பலவும் இவரது காலத்தில் அங்கே வளர்ச்சி பெற்றன. நண்பர்களும் உடன் பணியாற்றியவர்களும் இவரை ஹார்வி என்று அழைத்தனர்.

இளமையும் கல்வியும்

ஆலன் இலினாய் மாநிலத்தின் மேவுட் என்னும் ஊரில் பிறந்தார். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று 1932இல் இளநிலைப் பட்டமும், 1935இல் வானூர்தியியலில் பொறியியலாளர் பட்டமும் பெற்றார். 1936இல் வானூர்தியியலுக்கான தேசிய ஆலோசனைக் குழுவில் (நாக்கா) சேர்ந்து, வர்ஜீனியா மாநிலத்திலுள்ள லாங்லி ஆய்வுக்கூடத்தில் பணியைத் தொடங்கினார். இந்தக் குழுவே 1958இல் நாசாவாக மாற்றப்பட்டது.

லாங்லியில் இவர் வானூர்தி இறக்கைகளின் குறுக்குவெட்டு வடிவங்களை ஆராய்ந்தார். அக்காலத்தில் ஒரு வடிவத்தை முதலில் வரைந்துகொண்டு, அதன்மீது காற்றின் அழுத்தம் எவ்வாறு பரவுகிறது என்று பின்னர் கணக்கிடுவதே வழக்கமாக இருந்தது. விரும்பிய அழுத்தப் பரவலை முதலில் வைத்துக்கொண்டு அதைத் தரும் வடிவத்தைக் கண்டறியும் கணித முறையை ஆலன் வளர்த்தெடுத்தார். காற்று சீராக ஒட்டி ஓடும், இழுவை குறைந்த இறக்கைகளை வடிவமைக்க இம்முறை உதவியது.

ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில்

நாக்காவின் இரண்டாவது ஆய்வுக்கூடமாக ஏம்ஸ் 1939இல் நிறுவப்பட்டது. 1940இல் ஆலன் அங்கே மாற்றலாகி வந்தார். 1945இல் அதிவேக ஆய்வுப் பிரிவின் தலைவரானார்.

காற்றுச் சுரங்கம் என்பது ஒரு மாதிரியை அசையாமல் நிறுத்தி அதன்மீது காற்றைச் செலுத்தி ஆராயும் கருவியாகும். திறந்த வானில் பறக்கும் வானூர்தியைச் சுற்றிக் காற்று தடையின்றி விலகிச் செல்லும். சுரங்கத்திலோ சுவர்கள் அதைத் தடுக்கும். இதனால் சுரங்கத்தில் கிடைக்கும் அளவீடு வானில் நிகழ்வதிலிருந்து சற்று வேறுபடும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இந்த வேறுபாடு மேலும் பெரிதாகும். 1944இல் ஆலனும் வால்டர் வின்சென்டியும் இப்பிழையைக் கணக்கிட்டுத் திருத்தும் முறையை வெளியிட்டனர். தரையில் பெறும் அளவீடு வானில் நிகழ்வதை எந்த அளவுக்குக் குறிக்கிறது என்னும் கேள்வி ஆலனின் பிற்கால ஆய்வுகளிலும் தொடர்ந்து வந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், ஒலியைப்போலப் பல மடங்கு வேகத்தில் சோதனை செய்ய வேண்டிய தேவை எழுந்தது. அத்தகைய வேகத்தில் காற்றைச் செலுத்தும் சுரங்கங்களைக் கட்டுவது கடினமாக இருந்தது. காற்று ஒரு திசையில் மீயொலி வேகத்தில் வரும் சுரங்கத்தினுள், எதிர்த் திசையிலிருந்து மாதிரியைத் துப்பாக்கியால் சுடலாம் என்று ஆலன் முன்மொழிந்தார். அப்போது இரு வேகங்களும் ஒன்று சேர்ந்து, தனித்தனியே அடைய முடியாத வேகம் கிடைக்கும். இந்த மீயொலித் தடையிலாப் பறப்புச் சுரங்கம் 1940களின் இறுதியில் கட்டப்பட்டது. பறக்கும் மாதிரியின் நிழலை வழியில் பல இடங்களில் கணநேர ஒளியால் படமெடுத்து, அதன் வேகம் குறைவதையும் நிலை மாறுவதையும் அளந்தனர். பின்னர் அலெக்ஸ் சார்ட்டர்ஸ் முதலானோர், ஐதரசன், ஈலியம் போன்ற எடை குறைந்த வளிமங்களை அழுத்திச் சுடும் துப்பாக்கிகளை உருவாக்கி இவ்வேகங்களை மேலும் உயர்த்தினர்.

மீள்நுழைவுச் சிக்கல்

1951இல் அமெரிக்க விமானப்படை அட்லஸ் என்னும் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கான பணியைத் தொடங்கியது. இத்தகைய ஏவுகணையின் முனைப்பகுதி வளிமண்டலத்துக்கு வெளியே சென்று, நொடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில் மீண்டும் காற்றினுள் நுழைய வேண்டும். இதுவே மீள்நுழைவு எனப்படுகிறது.

இதிலுள்ள ஆற்றலை எளிய கணக்கால் அறியலாம். புவியைச் சுற்றிவரும் கலத்தின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒவ்வொரு கிலோகிராம் எடைக்கும் ஏறத்தாழ 30 மில்லியன் ஜூல் இயக்க ஆற்றல் உண்டு. ஒரு கிலோகிராம் இரும்பை உருக்கி முழுவதுமாக ஆவியாக்கத் தேவைப்படுவதைவிட இது பல மடங்கு அதிகமாகும். தரையை அடைவதற்குள் இவ்வளவு ஆற்றலும் எங்கேனும் சென்றாக வேண்டும். அதில் சிறு பங்கு கலத்துக்குள் புகுந்தாலும் கலம் அழியும்.

வேகமாகப் பறப்பது கூர்மையாக இருக்க வேண்டும் என்பதே அக்காலத்துப் பொறியியலாளர்களின் பொதுவான எண்ணம். மீயொலி வானூர்திகளும் ஏவுகணைகளும் ஊசிமுனை போன்ற முகப்பையே கொண்டிருந்தன. ஏவுகணையின் முனைப்பகுதியையும் அவ்வாறே வடிவமைக்க முயன்றனர். ஆனால் அவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் பொருள் எதுவும் கிடைக்கவில்லை.

மழுங்கிய முகப்புக் கோட்பாடு

எந்தப் பொருள் தாங்கும் என்பதற்கு முன்னால், வெப்பம் எங்கே செல்கிறது என்று ஆலன் ஆராய்ந்தார். கலம் இழக்கும் ஆற்றல் முழுவதும் கலத்தைச் சுடுவதில்லை. ஒரு பங்கு கலத்தின் மேற்பரப்பில் காற்று உராய்வதால் கலத்துக்குள் செல்கிறது. மற்றொரு பங்கு, கலத்துக்கு முன்னால் தோன்றும் அதிர்ச்சி அலையின் வழியாகச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது.

கூர்மையான முகப்பில் அதிர்ச்சி அலை வலிமை குன்றியதாகவும், மேற்பரப்பை ஒட்டியும் அமைகிறது. இழுவையில் பெரும்பகுதி உராய்வாக இருப்பதால் வெப்பத்தின் பெரும்பங்கு கலத்தையே சேர்கிறது. மழுங்கிய முகப்பிலோ வலிமையான அதிர்ச்சி அலை முகப்பிலிருந்து விலகி நிற்கிறது. அதைக் கடக்கும் காற்று பல ஆயிரம் பாகை வெப்பமடைந்தாலும், அதன் பெரும்பகுதி கலத்தைத் தொடாமலேயே பக்கவாட்டில் விலகிப் பின்னால் சென்றுவிடுகிறது. இழுவை மிகுதியாக இருப்பதால், காற்று அடர்த்தி குறைந்த உயரத்திலேயே கலம் வேகத்தை இழக்கத் தொடங்குகிறது. மேலும், முகப்பின் நடுப்புள்ளியில் பாயும் வெப்பம் முகப்பின் வளைவு ஆரத்தினுடைய வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. ஆரத்தை நான்கு மடங்காக்கினால் அங்கே பாயும் வெப்பம் பாதியாகும்.

ஆலனும் அவருடன் பணியாற்றிய ஆல்பிரட் எகர்சும் இதைக் கணித வடிவில் தந்தனர். செங்குத்தாகவோ சரிவாகவோ நேர்வழியில் விழும் கலம் சந்திக்கும் உச்சவேகக் குறைப்பு, கலத்தின் எடையையோ வடிவத்தையோ பொறுத்ததல்ல. நுழையும் வேகத்தையும் கோணத்தையும் மட்டுமே பொறுத்தது என்பதும் அவர்களது முடிவுகளுள் ஒன்றாகும்.

இவ்வாய்வு 1953இல் இராணுவ இரகசிய அறிக்கையாகச் சுருக்கமான வட்டத்தில் மட்டும் வழங்கப்பட்டது. 1957இல் இரகசியம் நீக்கப்பட்டு, 1958இல் நாக்காவின் 1381ஆம் அறிக்கையாக வெளிவந்தது.

மழுங்கிய கலம் கவிழ்ந்துவிடும் என்னும் ஐயமும் எழுந்தது. தவறான கோணத்தில் வளிமண்டலத்தை அடையும் கலம் எவ்வாறு ஆடும் என்பதை ஆலன் தனியே ஆராய்ந்து 1957இல் வெளியிட்டார். நிலைத்தன்மை உடைய கலமாயின், காற்றின் அடர்த்தி கூடக்கூட அதன் ஆட்டம் குறைந்து முகப்பு முன்னோக்கித் திரும்பும் என்று அவ்வாய்வு காட்டியது.

தரைச் சோதனைகள்

ஆலனின் கோட்பாடு வெப்பத்தைக் குறைத்ததே தவிர நீக்கவில்லை. எஞ்சிய வெப்பத்தை எப்பொருள் தாங்கும் என்பதைக் கணக்கினால் மட்டும் கூற இயலாது. ஒவ்வொரு பொருளையும் ஏவிப் பார்ப்பதும் இயலாது. எனவே மீள்நுழைவைத் தரையில் போலச்செய்ய வேண்டியதாயிற்று.

வேகம், வெப்பம், அழுத்தம், நேரம், கலத்தின் அளவு ஆகிய ஐந்தையும் ஒருசேரத் தரும் கருவி எதுவும் இல்லை. ஒவ்வொரு கருவியும் சிலவற்றைச் சரியாகத் தந்து மற்றவற்றைக் கைவிடுகிறது.

அதிர்ச்சிக் குழாய்: ஆர்தர் கான்ட்ரோவிட்சின் தலைமையில் இயங்கிய ஆவ்கோ-எவரெட் ஆய்வுக்கூடம் இதில் முன்னணியில் இருந்தது. குழாயினுள் செல்லும் அதிர்ச்சி அலை, மீள்நுழைவில் நிலவும் வெப்பநிலைக்கே காற்றைக் கொண்டு செல்லும். ஆனால் அது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ மட்டுமே நீடிக்கும். பாயும் வெப்பத்தை அளக்க இது போதும்; ஒரு பொருள் எரிந்து தேய்வதைக் காண இது போதாது.

துப்பாக்கிச் சோதனைக் கூடம்: இதில் வேகம் உண்மையானது. ஆனால் மாதிரி மிகச் சிறியது. பறக்கும் நேரமும் நொடியின் சிறு பின்னமே. எகர்சு 1955இல் முன்மொழிந்த கருவியில், ஊதுகொம்பு போல விரியும் குழாயினுள் காற்றின் அடர்த்தி வளிமண்டலத்தில் மாறுவதைப் போலவே மாறும்படி அமைத்து, அதனூடே சிறு மாதிரியைச் சுட்டனர்.

ராக்கெட் தாரை: ராக்கெட் எந்திரத்தின் பின்புறம் வெளிவரும் சூடான வளிமத்தில் பொருளை நிறுத்திப் பார்ப்பது. அமெரிக்கத் தரைப்படையின் ஹன்ட்ஸ்வில் குழுவினர் இம்முறையைப் பயன்படுத்தினர். தேவையான நேரம் கிடைத்தாலும் இவ்வளிமம் காற்றல்ல. அதன் வெப்பமும் குறைவு.

மின்வில் தாரை: வெப்பக் கவசப் பொருட்களைச் சோதிப்பதில் இதுவே முதன்மை இடம் பெற்றது.

மின்வில் தாரைக் கருவி

நீரால் குளிர்விக்கப்படும் ஒடுங்கிய குழாயின் இரு முனைகளிலும் மின்முனைகளை அமைத்து, அவற்றுக்கிடையே தொடர்ச்சியான மின்வில்லை ஏற்படுத்துவர். குழாயினுள் செலுத்தப்படும் காற்று மின்வில்லோடு சேர்ந்து ஓடுகையில் பல ஆயிரம் பாகை வெப்பமடைகிறது. பின்னர் விரியும் குழல் வழியாக வெற்றிட அறையினுள் மீயொலி வேகத்தில் பாய்கிறது. வேகமாக ஓடும் நீராவியால் காற்றை இழுத்து வெளியேற்றும் அமைப்பு அறையின் வெற்றிடத்தைக் காக்கிறது.

மின்வில்லை ஒடுங்கிய குழாயினுள் நிலைநிறுத்தும் முறையில் ஏம்ஸ் ஆய்வாளர்கள் ஹோவர்ட் ஸ்டைன், வெல்வின் வாட்சன் ஆகியோரின் ஆய்வு 1962இல் வெளியானது. பிற்காலத்தில் ஏம்ஸில் அமைந்த கருவிகளுள் பெரியது 60 மெகாவாட் திறன் கொண்டது.

சோதனையின்போது முதலில் செம்பாலான வெப்ப அளவியைத் தாரைக்குள் நகர்த்தி, பாயும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளப்பர். பின்னர் அதே இடத்துக்குப் பொருளின் மாதிரியைக் கொண்டுவருவர். மேற்பரப்பின் வெப்பநிலையை அதன் ஒளியைக் கொண்டு தொலைவிலிருந்தே அளப்பர். மாதிரியினுள் வெவ்வேறு ஆழங்களில் பதித்த வெப்பமின் இரட்டைகள், வெப்பம் எவ்வளவு விரைவாக உள்ளே செல்கிறது என்று காட்டும். இறுதியில் மாதிரியை எடைபோட்டு, குறுக்கே அறுத்து, எவ்வளவு தேய்ந்தது, எவ்வளவு ஆழம் கரியானது என்று கணிப்பர்.

மின்வில் தாரை சில நிமிடங்கள் வரை தொடர்ந்து எரியக்கூடியது. இதுவே அதன் பெரும் பயன். ஆயினும் காற்றின் வேகம் உண்மையான மீள்நுழைவு வேகத்தைவிடக் குறைவு. மாதிரியை அடையும் முன்பே காற்றின் மூலக்கூறுகள் சிதைந்திருக்கும். சோதிக்கக்கூடிய துண்டும் முழுக் கவசத்தை நோக்கச் சிறியதே. எனவே தாரையில் கிடைக்கும் முடிவை அப்படியே வானுக்குப் பொருத்தாமல், அதைக் கொண்டு கணித மாதிரியைச் சரிபார்த்து, அம்மாதிரியின் துணையால் பறப்பைக் கணிப்பதே நடைமுறையாகும்.

வெப்பக் கவசப் பொருட்கள்

தொடக்கத்தில் செம்பு போன்ற கனத்த உலோகம் வெப்பத்தை உள்வாங்கிக்கொள்ளும் முறை பயன்பட்டது. அட்லஸ் ஏவுகணையின் முதல் முனைப்பகுதிகள் இவ்வகையின. இவை மிகவும் எடை கூடியவை. 1961இல் ஆலன் ஷெப்பர்ட், கஸ் கிரிசம் ஆகியோர் சென்ற மெர்க்குரி கலங்களில் பெரிலியம் உலோகக் கவசம் இருந்தது. அவை புவியைச் சுற்றாமல் உடனே திரும்பியதால் அக்கவசம் போதுமானதாக இருந்தது.

மற்றொரு முறை தேய்வுக் கவசமாகும். கண்ணாடி இழையும் பீனாலிக் பிசினும் கலந்த பொருள் சூடாகும்போது, பிசின் சிதைந்து வளிமமாக வெளியேறுகிறது. அவ்வளிமம் மேற்பரப்பை ஒட்டிய எல்லைப் படலத்தைத் தடிப்பாக்கிச் சூடான காற்றை விலக்குகிறது. எஞ்சும் கரி, வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியே அனுப்புவதோடு, உள்ளே செல்லும் வெப்பத்தையும் தடுக்கிறது. கவசம் தன்னைச் சிறிது சிறிதாக இழந்து கலத்தைக் காக்கிறது. 1959 செப்டம்பரில் பிக் ஜோ எனப்பட்ட ஆளில்லாப் பறப்பில் இம்முறை வெற்றி கண்டது. 1962 பெப்ரவரியில் ஜோன் கிளென் புவியைச் சுற்றித் திரும்பிய கலத்திலும் இத்தகைய கவசமே இருந்தது.

நிலவிலிருந்து திரும்பும் அப்பல்லோ கலத்தின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், புவியைச் சுற்றும் கலத்தைப்போல் இரு மடங்கு ஆற்றலை அது இழக்க வேண்டியிருந்தது. தேனடை போன்ற கண்ணாடி இழைக் கூட்டின் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிற்றறைகளில் ஆவ்கோட் என்னும் பொருளை ஒவ்வொன்றாக நிரப்பி அதன் கவசத்தைச் செய்தனர். தரைச் சோதனைகளுக்குப் பின்னர், 1967 நவம்பரில் ஆளில்லாத அப்பல்லோ 4 கலத்தில் இதைப் பறக்கவிட்டு உறுதிசெய்துகொண்டனர்.

கோட்பாட்டின் எல்லை

தமது கோட்பாடு எங்கே பொருந்தாது என்பதையும் ஆலனே ஆராய்ந்தார். வேகம் மிகவும் கூடும்போது, அதிர்ச்சி அலைக்குப் பின்னுள்ள காற்று ஒளிரத் தொடங்கி, கதிர்வீச்சால் கலத்தைச் சுடுகிறது. ஒளிரும் காற்றுப் படலம் தடிப்பாக இருந்தால் கதிர்வீச்சும் மிகுதியாகும். முகப்பு மழுங்க மழுங்க அப்படலமும் தடிப்பாகும். ஆகவே புவியீர்ப்பிலிருந்து விடுபடும் வேகத்துக்கு மேற்பட்ட வேகங்களில் கூம்பு வடிவமே சிறந்ததாகலாம் என்று 1963இல் ஆல்வின் செய்ஃப், வாரன் வினோவிச் ஆகியோருடன் இணைந்து ஆலன் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முகப்பை மழுக்கச் சொன்னவரே பத்தாண்டுகளில் மிகை வேகங்களுக்கு மீண்டும் கூர்மையை முன்வைத்தார்.

இக்காலத்தில் ஆலன் விண்கற்களின் பறப்பிலும் ஆர்வம் கொண்டார். எந்த ஆய்வுக்கூடத்திலும் பெற முடியாத வேகத்தில் வளிமண்டலத்தில் நுழையும் அவை, இயற்கை நடத்தும் சோதனைகளாக அவருக்குப் பயன்பட்டன. ஏம்ஸின் மற்றோர் ஆய்வாளரான டீன் சாப்மன், ஆஸ்திரேலியாவில் கிடைக்கும் பொத்தான் வடிவக் கண்ணாடிக் கற்களை ஆராய்ந்தார். அதே வடிவத்தை மின்வில் தாரையில் உருவாக்கி, அவை வளிமண்டலத்தில் மிகுந்த வேகத்தில் நுழைந்தவை என்று காட்டினார். அவை நிலவிலிருந்து வந்தவை என்னும் அவரது கருத்தோ, நிலவுக் கற்கள் கிடைத்த பின்னர் ஏற்கப்படவில்லை. புவியில் நிகழ்ந்த மோதலில் தெறித்தவை அவை என்பதே இன்றைய முடிவாகும்.

பிற்காலம்

1965இல் ஏம்ஸின் முதல் இயக்குனர் ஸ்மித் டிபிரான்ஸ் ஓய்வு பெற்றதைத் தொடர்ந்து ஆலன் இயக்குனரானார். அதே ஆண்டில் நாசாவின் சிறப்பு அறிவியல் சாதனைப் பதக்கம் பெற்றார். 1966இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முன்னதாக 1957இல் ரைட் சகோதரர்கள் நினைவுச் சொற்பொழிவை மீள்நுழைவுச் சிக்கல் பற்றி ஆற்றினார். 1968இல் பொறுப்பிலிருந்து விலகினார். 1977 ஜனவரி 29 அன்று தமது 66ஆம் வயதில் காலமானார். சிறந்த ஆய்வுக் கட்டுரைக்கு ஏம்ஸ் வழங்கும் விருது இவரது பெயரைத் தாங்கியுள்ளது.

தாக்கம்

ஆலனின் மறைவுக்குப் பின்னரும் மழுங்கிய முகப்பும் மின்வில் தாரையும் விண்வெளிப் பயணத்தின் அடிப்படைகளாக நீடிக்கின்றன. 1995 டிசம்பரில் வியாழனுக்குள் நொடிக்கு ஏறத்தாழ 47 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்த கலிலியோ ஆய்கலம், முனை மழுங்கிய கூம்பு வடிவம் கொண்டது. அதன் கவசம் கணித்ததைவிட நடுவில் குறைவாகவும் ஓரங்களில் அதிகமாகவும் தேய்ந்தது. ஏம்ஸில் உருவாக்கப்பட்ட பைக்கா என்னும் எடை குறைந்த கரிப்பொருள், 2006இல் நொடிக்கு 12.9 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பிய ஸ்டார்டஸ்ட் கலத்தைக் காத்தது.

தரைச் சோதனை ஒரு திட்டத்தைக் காப்பாற்றியதற்குக் கியூரியாசிட்டி எடுத்துக்காட்டாகும். அதற்கு முதலில் தேர்ந்தெடுத்த பொருள், முந்தைய செவ்வாய்க் கலங்களில் நன்கு பயன்பட்டதாகும். ஆனால் 2007இல் நடந்த மின்வில் தாரைச் சோதனைகளில் அது சிதைந்தது. கவசம் பைக்காவுக்கு மாற்றப்பட்டு, 2012 ஆகஸ்டில் கலம் செவ்வாயில் பத்திரமாக இறங்கியது.

சோதனை பொய்த்ததற்கு ஆர்ட்டெமிஸ் 1 எடுத்துக்காட்டாகும். 2022 டிசம்பரில் நிலவிலிருந்து ஆளின்றித் திரும்பிய அதன் ஒரையன் கலத்தின் கவசத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கரி பெயர்ந்திருந்தது. ஏம்ஸின் மின்வில் தாரையில் இதை மீண்டும் உருவாக்கி ஆராய்ந்து, 2024 டிசம்பரில் காரணத்தை வெளியிட்டனர். வளிமண்டலத்தில் ஒருமுறை தோய்ந்து மேலெழுந்து மீண்டும் இறங்கிய பாதையில், இடைப்பட்ட நேரத்தில் வெப்பம் குறைந்திருந்தது. அப்போது கரி உருவாவது தளர்ந்தது. ஆனால் உள்ளே வளிமம் தொடர்ந்து தோன்றி, வெளியேற வழியின்றி அழுத்தம் பெருகிக் கவசத்தில் விரிசலை ஏற்படுத்தியது. முன்னர் தரையில் செய்த சோதனைகள் உண்மைப் பறப்பைவிட மிகுந்த வெப்பத்தில் நடந்தவை. அந்த வெப்பத்தில் நுண்துளைகள் கொண்ட கரி விரைவில் உருவாகி வளிமம் வெளியேறியதால், குறை வெளிப்படவில்லை. பொதுவாகக் கடுமையான சோதனையே பாதுகாப்பானது என்று கருதப்படும். இங்கே கடுமையே குறையை மறைத்தது.

1944இல் காற்றுச் சுரங்கத்தின் சுவர்களைக் குறித்து ஆலன் எழுப்பிய கேள்வி, இவ்வாறு எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் வெப்பக் கவசப் பொறியியலில் நீடிக்கிறது.